இருபத்தோராவது உள்ளீடு

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39-க்கு அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம், தன் பாதுகாப்பு மென்பொருள் ஓடும் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. 10.57-க்கு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையில் 78 நிமிடம்தான். அந்த நேரத்தில் இணையத்தில் இருந்து அந்தக் கோப்பை வாங்கிக்கொண்ட கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. மறுபடி ஓடவிட்டால் மறுபடி நீலத்திரை. அப்படி விழுந்தவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் பிறகு கணக்குச் சொன்னது. உலகத்தில் உள்ள விண்டோஸ் கணினிகளில் இது நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் விமான நிறுவனம், மருத்துவமனை, வங்கி, தொலைக்காட்சி நிலையம் என்று நின்றால் ஊருக்கே தெரியும் இடங்களில் இருந்த கணினிகள் அவை.

சென்னை விமான நிலையத்தில் செக்-இன் வேலை கைக்கு வந்தது. வரிசைகள் வளர்ந்தன, விமானங்கள் தாமதமாயின, சில ரத்தாயின. நாட்டின் பல விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸைப் பயணிகள் படமெடுத்துப் போட்டார்கள். அதே சமயத்தில் மைக்ரோசாஃப்டின் அமெரிக்கக் கிளவுட் மையம் ஒன்றிலும் வேறொரு கோளாறு நடந்திருந்தது. செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அரசின் என்.ஐ.சி. வலையமைப்புக்குப் பாதிப்பில்லை என்று மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் சொன்னார். பத்து வங்கிகள் மற்றும் நிதி நிறுவனங்களில் மட்டும் சிறு இடையூறு என்றது ரிசர்வ் வங்கி. செய்யாற்றில் அன்று காலை இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு நின்றவருக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இது பெரிய நிறுவனங்கள் சந்தா கட்டி வாங்கும் மென்பொருள். நம் ஜெராக்ஸ் கடைக் கணினிவரை வருவதில்லை.

நடந்தது சைபர் தாக்குதல் இல்லை. கணக்கில் ஒன்று குறைந்துபோனதுதான் காரணம். எதிர்பார்த்தது 21 உள்ளீடு, கொடுத்தது 20. இவ்வளவு சின்ன விஷயம் எப்படிக் கணினியையே சாய்க்கும் என்று கேட்பவருக்கு, கணினி தன் நினைவகத்தில் முகவரியை எப்படிக் கையாள்கிறது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்ட ஆய்வில், விழுந்த ஒரு கணினியின் கடைசி நொடிப் பதிவு இருக்கிறது. செயலி அப்போது ஒரு முகவரியில் இருந்து நான்கு பைட் படிக்க முயன்றுகொண்டிருந்தது. முகவரி இது: எஃப்எஃப்எஃப்எஃப் 8405 0000 0074. பதினாறடிமான எண். எஃப் என்பது நம் கணக்கில் 15. பதினாறு இலக்கம், மொத்தம் 64 பிட்.

இந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் நினைவகம் இயங்கும் விதம் முழுக்க அதற்குள் இருக்கிறது. நிரல்கள் பயன்படுத்தும் முகவரி எதுவும் ராம் சில்லில் உள்ள உண்மையான இடத்தைச் சொல்வதில்லை. அது மாய முகவரி. செயலிக்குள் இருக்கும் ஒரு பகுதி ஒவ்வொரு முறையும் அதை உண்மை முகவரியாக மாற்றித் தருகிறது. அதற்காக நினைவகம் 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த மாய முகவரி எந்தப் பக்கத்தில் போய் விழும் என்பதை அட்டவணைகள் சொல்லும். வழக்கமான கணினிகளில் அவை நான்கு அடுக்கு, ஒவ்வொன்றிலும் 512 வரி.

நம் எண்ணில் கடைசி 12 பிட், பக்கத்துக்குள் எத்தனையாவது பைட் என்று சொல்கிறது. 74 என்ற பதினாறடிமான எண், நம் கணக்கில் 116. அதற்கு மேலே ஒன்பது ஒன்பது பிட்டாக நான்கு துண்டு. முதல் அட்டவணையில் வரி எண் 264-க்குப் போ, அது காட்டும் இரண்டாவது அட்டவணையில் 20-க்குப் போ, மூன்றாவதில் 0, நான்காவதில் 0. (இங்கே 20 வருவது தற்செயல். நாம் பேசப்போகும் இருபதுக்கும் இதற்கும் உறவில்லை.) 48 பிட் இதற்கே சரியாகிவிட்டது. மிச்சமுள்ள மேல் 16 பிட்டில் நான்கு இலக்கமும் எஃப் ஆகவே இருந்தால் அது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பாதி என்று பொருள். பூஜ்யமாகவே இருந்தால் சாதாரண நிரல்களின் பாதி. இரண்டும் இல்லாமல் கலவையாக இருந்தால் செயலி அதை முகவரி என்றே ஏற்காது.

ஆக, அந்த எண்ணுக்கு முகவரியின் லட்சணம் எல்லாம் இருந்தது. கெர்னலின் எல்லைக்குள் வருகிற எண்தான். செயலி நம்பி அட்டவணையைப் புரட்டியது. அங்கே பக்கம் இல்லை.

பக்கம் இல்லாமல் போவதே குற்றம் இல்லை. கணினியில் அது நாள் முழுக்க நடப்பது. நீங்கள் ஒரு பெரிய கோப்பைத் திறந்தால் அது மொத்தமும் ராமுக்கு வந்துவிடாது. எந்தப் பக்கத்தைத் தொடுகிறீர்களோ அப்போது செயலி ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் வட்டில் இருந்து அதை எடுத்து வைத்து, அட்டவணையைத் திருத்தி, ‘இப்போது படி’ என்று அனுப்பும். நிரலுக்கு நடுவில் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இந்தக் கூப்பாட்டின் பெயர் பேஜ் ஃபால்ட். பெயரில் பிழை இருக்கிறதே தவிர, இது இல்லாமல் இன்றைய கணினி எதுவும் ஓடாது.

தேடினாலும் கிடைக்காத பக்கத்தைக் கேட்டால்தான் சிக்கல். கேட்டது உங்கள் வேர்டோ குரோமோ என்றால் கெர்னல் அந்த ஒரு நிரலை மட்டும் முடித்துவைக்கும். நீங்கள் அலுத்துக்கொண்டு மறுபடி திறப்பீர்கள். கேட்டது கெர்னலுக்குள் ஓடும் நிரலாகவே இருந்தால்? முடித்துவைக்க அதற்கு மேல் ஆள் இல்லை. அந்த நேரத்தில் அது எதை எதையெல்லாம் பூட்டி வைத்திருக்கிறது, எந்தப் பட்டியலைப் பாதி மாற்றிவிட்டு நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்படியே ஓடவிட்டால் வட்டில் இருக்கும் கோப்புகளைத் தப்பும் தவறுமாக எழுதிவைக்கலாம். அதனால் விண்டோஸ் அந்த இடத்திலேயே மொத்தத்தையும் நிறுத்துகிறது. நீலத்திரையைத் திட்டாதவர் இல்லை. உண்மையில் அது உங்கள் கோப்புகளைக் காப்பாற்றும் ஏற்பாடு.

லினக்ஸ் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் ‘ஊப்ஸ்’ என்று ஒரு நிலை உண்டு. கெர்னல் தவறு நடந்த வேலையை மட்டும் வெட்டிவிட்டு, முடிந்தவரை தொடர்ந்து ஓடப் பார்க்கும். பாதி உடைந்த கெர்னலில் ஓடுவது நல்லதா என்று கேட்டால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெரிய சர்வர்களை நடத்துகிறவர்களில் பலர், ஊப்ஸ் வந்தாலே நின்றுவிடு என்றுதான் அதற்கும் அமைத்து வைக்கிறார்கள்.

அந்தப் பொய் முகவரி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு ஆரணிக்குப் போவது உதவும்.

ஆரணியிலும் சுற்றுப்புறத்து ஊர்களிலும் பட்டுத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரையில், முந்தியில், புட்டாவில் என்ன வரவேண்டும் என்பது வரிசையாகக் கோத்த துளை அட்டைகளில் இருக்கிறது. மிதியை ஒருமுறை மிதித்தால் ஓர் அட்டை வந்து ஊசிகளின் மேல் அழுந்தும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழைந்துகொள்ள, அதன் கொக்கி தன் பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ள, கொக்கி விலகி நூல் கீழேயே கிடக்கும். 120 கொக்கிப் பெட்டியும் 240 கொக்கிப் பெட்டியும் கைத்தறியில் சாதாரணம். அட்டை அடிப்பவர் பெட்டியின் கணக்குக்குத்தான் அடிப்பார். இப்போது 20 கொக்கி மட்டும் உள்ள ஒரு குட்டிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு யாரோ 21 இடம் வைத்து அட்டை அடித்துவிட்டார்கள். 21-ஆவது இடத்துக்கு நேரே ஊசியே கிடையாது.

கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஃபால்கன் மென்பொருளிலும் இரண்டு பாகம் இருக்கிறது. ஒன்று கெர்னலுக்குள் ஓடும் டிரைவர். இதை மாற்றுவது பெரிய வேலை, பல கட்டச் சோதனை தாண்டித்தான் வெளியே வரும். இன்னொன்று, புதுப்புதுத் தாக்குதல்களை எப்படி அடையாளம் காண்பது என்று டிரைவருக்குச் சொல்லும் சிறு தரவுக் கோப்புகள். இவை அடிக்கடி போகும், ஒரே நாளில் பலமுறைகூட. பெட்டி மாறாது, அட்டை மட்டும் மாறும்.

2024 பிப்ரவரியில் வந்த 7.11 பதிப்பில் ஒரு புது வகை அட்டைக்கு இடம் கொடுத்தார்கள். விண்டோஸில் நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் நேம்டு பைப் என்னும் வழியைத் திருடர்களும் பயன்படுத்துவதால், அதைக் கண்காணிப்பதற்கு. இந்த வகைக்கு 21 உள்ளீடு உண்டு என்று ஓரிடத்தில் வரையறுத்தார்கள். ஆனால் அந்த உள்ளீடுகளைத் திரட்டித் தரும் நிரலில் 20-தான் இருந்தது. அனுப்பும் முன் கோப்பைச் சரிபார்க்கும் கருவியும் 21 வரும் என்று நம்பியே வேலை பார்த்தது. அதனால் அது குறை சொல்லவில்லை.

மார்ச்சிலும் ஏப்ரலிலும் இதே வகையில் கோப்புகள் போயின. ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அவை எல்லாவற்றிலும் 21-ஆவது இடத்தில் ‘எதுவாக இருந்தாலும் சரி’ என்ற குறிதான் இருந்தது. எதுவாக இருந்தாலும் சரி என்றால் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆக நான்கைந்து மாதம் அந்தத் தவறு, தொடப்படாமல் உலகமெங்கும் உள்ள கெர்னல்களுக்குள் உட்கார்ந்திருந்தது. ஜூலை 19 கோப்பில்தான் முதல்முறையாக 21-ஆவது உள்ளீட்டைப் பார்த்து ஒப்பிடு என்ற கட்டளை வந்தது.

தறியில் என்றால் இதனால் ஒரு கேடும் இல்லை. ஊசி இல்லாத இடத்தில் துளை இருந்தால் அது காற்றில் அழுந்தும், அவ்வளவுதான். சேலையில் ஒரு நூல்கூடப் பிசகாது. கணினி நினைவகத்தில் அந்தக் காற்று இல்லை, அதுதான் வித்தியாசம். 20 பெட்டகம் உள்ள ஒரு வரிசைக்கு அடுத்த பைட்டிலும் ஏதாவது இருந்தே தீரும். வேறொரு நிரல் விட்டுப்போனதாக இருக்கலாம், பழைய குப்பையாக இருக்கலாம். இந்த வரிசையில் இருந்தவை உள்ளீடுகளின் முகவரிகள். டிரைவர் 21-ஆவது இடத்துக்குக் கை நீட்டியபோது அங்கே கிடந்த குப்பையை எடுத்தது. எடுத்ததில் எந்தத் தடையும் வரவில்லை. அந்த இடம் ராமில் இருக்கும் பக்கம்தான், படிக்க அனுமதியும் உண்டு. முதல் தவறு இப்படிச் சத்தமில்லாமல் முடிந்தது.

எடுத்த குப்பையை முகவரி என்று நம்பி அங்கே போய்ப் படிக்க முயன்றது இரண்டாவது. அங்கேதான் அட்டவணையில் பக்கம் இல்லை, நீலத்திரை. ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’ என்று எழுதி, கீழே சிஎஸ்ஏஜென்ட் என்ற டிரைவரின் பெயரையும் போட்டது. நினைவகக் கோளாறுகளை ஆராய்கிறவர்களின் தலைவலி எப்போதும் இதுதான். இயந்திரம் இரண்டாவது தவறு நடந்த இடத்தைக் காட்டும். முதல் தவறை மனிதர்கள் தேடிப் பிடிக்கவேண்டும்.

இதில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த ஒரு விவரம் உண்டு. விழுந்த கட்டளைக்குச் சற்று முன்னாலேயே டிரைவர் அந்த முகவரியைச் சோதித்திருக்கிறது. பூஜ்யமா என்று கேட்டது. பூஜ்யம் இல்லை. அதனால் மேலே போனது.

பூஜ்ய முகவரி என்பது நிரலாளர்களுக்குப் பழைய பகை. ‘இன்னும் ஒன்றும் வைக்கவில்லை’ என்பதைக் குறிக்க முகவரி இடத்தில் பூஜ்யத்தை வைப்பது மரபு. அதைத் தெரியாமல் பயன்படுத்தி விழுந்த நிரல்களுக்குக் கணக்கில்லை. அதனால் சோதனை என்றால் பூஜ்யமா என்று பார்ப்பது என்றே பலருக்குக் கை பழகிவிட்டது. சம்பவம் நடந்த அன்றே சமூக ஊடகத்தில் ஒருவர், இது சாதாரணப் பூஜ்ய முகவரிப் பிழை என்று எழுத, அது பரவலாகப் பகிரப்பட்டது. அனுபவமுள்ள ஆய்வாளர்கள் கட்டளைகளைப் படித்துவிட்டு உடனே மறுத்தார்கள். பூஜ்யச் சோதனை அங்கேயே இருக்கிறது, மேலும் ஒரு கணினியில் வந்த முகவரி இன்னொன்றில் வரவில்லை. கணினிக்குக் கணினி மாறினால் அது குப்பை, எல்லை தாண்டிப் படித்திருக்கிறது என்று பொருள்.

ஓர் எண்ணைப் பார்த்து அது சரியான முகவரியா என்று சொல்ல முடியாது. பூஜ்யம் இல்லை என்பதும் கெர்னல் பாதியில் இருக்கிறது என்பதும் அதற்குச் சான்று ஆகாது. ‘வரிசையில் எத்தனை இருக்கிறது, நான் கேட்பது எத்தனையாவது’ என்ற கேள்வியை முகவரியை எடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்கவேண்டும். எடுத்த பிறகு கேட்கும் எந்தக் கேள்வியும் பயனில்லை. இந்த ஒப்பீட்டுக்குச் செயலியில் ஆகும் செலவு ஒன்றிரண்டு கட்டளை.

சரிசெய்த கதைக்கு வருவோம். கிரவுட்ஸ்ட்ரைக் 78 நிமிடத்தில் கோப்பைத் திருத்திவிட்டது, ஆனால் விழுந்த கணினிகளுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. டிரைவர் கணினி கண் விழிக்கும்போதே ஏறிவிடும். ஏறியதும் பழைய கோப்பைப் படிக்கும், விழும். திருத்திய கோப்பை இணையத்தில் இருந்து வாங்க அவகாசமே கிடைக்காது. சில கணினிகளில் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டால், விழுவதற்குள் புதுக் கோப்பு இறங்கிவிடும் வாய்ப்பு உண்டு. மைக்ரோசாஃப்டே கிளவுட் வாடிக்கையாளர்களிடம், பதினைந்து முறைகூடத் தேவைப்படலாம், முயன்று பாருங்கள் என்று சொன்னது. நூறு கோடிக் கணக்கில் விற்கும் தொழில்நுட்பத்துக்கு இது மருத்துவமா என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் பலருக்குப் பலித்தது.

மற்றவற்றுக்கு ஆள் நேரே போகவேண்டும். கணினியைச் சேஃப் மோடில் திறக்க வேண்டும், அதில் வெளியார் டிரைவர்கள் ஏறாது. விண்டோஸ் அடைவுக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் கிரவுட்ஸ்ட்ரைக். அங்கே 291 என்ற எண் தாங்கிய கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டால் தீர்ந்தது. ஒரு கணினிக்குப் பத்து நிமிட வேலைதான். ஆனால் விமான நிலையத்தில் உயரத்தில் தொங்கும் அறிவிப்புத் திரைக்குப் பின்னாலும் ஒரு கணினி இருக்கிறது, அதற்கு ஏணி வேண்டும். வட்டு, விண்டோஸின் பிட்லாக்கர் என்ற மறையாக்கத்தால் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். சில நிறுவனங்கள் அந்தச் சாவிகளை எல்லாம் ஒரு சர்வரில் பத்திரமாக வைத்திருந்தன. அந்த சர்வரும் நீலத்திரையில் இருந்தது.

இந்திய விமான நிறுவனங்களின் கணினி அமைப்புகள் மறுநாள் அதிகாலை 3 மணியில் இருந்து வழக்கம்போல் இயங்குவதாக விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடு அறிவித்தார். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் எழுந்து நிற்க ஐந்து நாள் ஆனது, அதற்குள் சுமார் 7000 விமானங்கள் ரத்து. ஜூலை 29 வாக்கில்தான் ஏறத்தாழ 99 விழுக்காடு கணினிகள் திரும்பிவிட்டதாக கிரவுட்ஸ்ட்ரைக் சொன்னது. நடுவில், சிரமப்பட்ட கூட்டாளிகளுக்கு நன்றி சொல்ல 10 டாலர் சாப்பாட்டுக் கூப்பன் அனுப்பினார்கள். ஒரே கூப்பன் இத்தனை பேர் பயன்படுத்துவதைப் பார்த்து ஊபர் அதை மோசடி என்று முடக்கிவிட்டது.

நிரந்தரத் திருத்தம் இரண்டு வரியில் முடியும். ஜூலை 25-இல், வரிசையின் எல்லையைப் பார்த்துவிட்டுப் படிக்கும் சோதனையை டிரைவரில் சேர்த்தார்கள். வரையறுத்த உள்ளீடும் கொடுக்கும் உள்ளீடும் எண்ணிக்கையில் ஒத்துப்போகிறதா என்று டிரைவரைத் தயாரிக்கும்போதே பார்க்கும் ஏற்பாடு ஜூலை 27-இல் வந்தது. அதோடு, இனிமேல் தரவுக் கோப்புகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, கட்டம் கட்டமாகவே அனுப்புவோம் என்றார்கள். முதல் இரண்டும் நிரலாளர் வேலை. மூன்றாவதுதான் முக்கியம் என்பது என் கருத்து. எல்லைச் சோதனை இல்லாமலே போயிருந்தாலும், முதலில் ஆயிரம் கணினிக்கு அனுப்பி ஒரு மணி நேரம் காத்திருந்தால், உலகம் இதைக் கேள்விப்பட்டிருக்காது. டிரைவருக்கு இருந்த கண்டிப்பு தரவுக்கு இல்லாமல் போனதற்குக் காரணம், தரவு என்றால் ஆபத்தில்லை என்ற நினைப்பு. கெர்னலுக்குள் போய், அங்கே எதைப் படிக்கவேண்டும் என்று கட்டளையிடும் தரவு, பாதி நிரல்தான்.

இன்னொரு செய்தி. கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைவர் ஜார்ஜ் கர்ட்ஸ், 2010-இல் வைரஸ் தடுப்பு நிறுவனமான மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவர். அந்த ஆண்டு ஏப்ரலில் மெக்காஃபி அனுப்பிய ஒரு தரவுக் கோப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் அத்தியாவசிய நிரல் ஒன்றை வைரஸ் என்று தவறாக எண்ணி முடக்க, அப்போதும் கணினிகள் கூட்டமாக விழுந்தன. அதுவும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போன தரவுதான்.

எல்லை பார்க்காத பழக்கத்துக்குக் குற்றவாளி சி, சி++ மொழிகள் என்பது பலரின் தீர்ப்பு. 1970-களில் பிறந்த சி மொழியில் வரிசை என்பது தொடக்க முகவரி மட்டுமே. அதன் நீளம் எங்கேயும் எழுதப்படுவதில்லை, நிரலாளர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகக் கையாளல் பிழையே என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. ரஸ்ட் போன்ற மொழிகளில் வரிசை தன் நீளத்தைத் தன்னோடு வைத்திருக்கும். லினக்ஸ் கெர்னல் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் இருந்து ரஸ்டுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

ஆனால் ரஸ்டில் எழுதியிருந்தால் ஜூலை 19 நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. இருபது உள்ள வரிசையில் 21-ஆவதைக் கேட்டால் ரஸ்ட் குப்பையை எடுத்துத் தராது, அங்கேயே நிறுத்திவிடும். கெர்னலுக்குள் அந்த நிறுத்தமும் நீலத்திரையாகவே முடியக்கூடும். கிடைக்காவிட்டால் இந்த விதியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று எழுத ரஸ்ட் வசதி தருகிறது, எழுதவேண்டியது மனிதர்தான்.

மொழியை நம்பாமல் செயலியிலேயே காவல் வைக்கலாமா என்று யோசித்தவர்கள் நம் பக்கத்தில், சென்னை கிண்டியில் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் காமகோடி வீழிநாதன் தலைமையில் உருவான சக்தி செயலிகள், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் கட்டப்பட்டவை. அந்தக் குழுவும் செஸ்டர் ரெபெய்ரோவும் சேர்ந்து 2017-இல் ‘சக்தி-டி’ என்ற வடிவமைப்பை வெளியிட்டார்கள். அதில் முகவரியைத் தாங்கும் ஒவ்வொரு பாயிண்டருக்கும் அது காட்டும் பகுதி தொடங்கும் இடமும் முடியும் இடமும் நினைவகத்தின் தனிப் பகுதி ஒன்றில் பதிவாகியிருக்கும். நினைவகத்தில் கிடப்பது பாயிண்டரா, வெறும் எண்ணா என்று காட்ட ஒரு பிட் அடையாளமும் உண்டு. எல்லை தாண்டினால் செயலியே மறித்துவிடும். நம் கதையில் சத்தமில்லாமல் நடந்த முதல் தவறு இருக்கிறதே, அது அங்கேயே பிடிபடும். குப்பையை முகவரி என்று பயன்படுத்தும் இரண்டாவதும் நடக்காது, குப்பைக்கு அந்த அடையாள பிட் இராது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செரி திட்டமும் இதே திசையில் போகிறது. நம் மேஜைக் கணினிகளில் இத்தகைய செயலி வர இன்னும் காலம் ஆகும். பழைய நிரல்களை எல்லாம் புதிதாகத் தொகுக்கவேண்டும், கொஞ்சம் நினைவகமும் வேகமும் விலை கொடுக்கவேண்டும். பாதுகாப்பு என்றால் யாரும் காசு எடுப்பதில்லை, 85 லட்சம் கணினி விழும்வரை.

பாதுகாப்பு மென்பொருளுக்குக் கெர்னலுக்குள் என்ன வேலை என்ற கேள்வியும் சம்பவத்துக்குப் பின் சூடு பிடித்தது. எல்லாவற்றையும் பார்க்கவேண்டும், திருடனுக்கு முன்னால் எழுந்திருக்கவேண்டும், திருடன் தன்னை அணைத்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு விதியை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் கெர்னலுக்குள் வைத்துத்தான் செய்யவேண்டும் என்பதில்லை. நடப்பதைப் பார்த்துச் சொல்லும் சிறு துண்டை மட்டும் உள்ளே வைத்துவிட்டு, கோப்பைப் பிரித்துப் படித்து முடிவெடுக்கும் பாகத்தை வெளியே ஓடவிட்டிருந்தால், அன்று காலை அந்த ஒரு நிரல் மட்டும் செத்து, மறுபடி எழுந்திருக்கும். ஆப்பிள் தன் கணினிகளில் வெளியாரைக் கெர்னலில் இருந்து சில ஆண்டுகளுக்கு முன்பே வெளியேற்றத் தொடங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2024 நவம்பரில் இதற்கென்று ஒரு திட்டம் அறிவித்தது. வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் கெர்னலுக்கு வெளியே இருந்து வேலை பார்க்கும் வழியைச் செய்து தருவதும், விழுந்த கணினிகளுக்கு ஆள் போகாமலே தொலைவில் இருந்து மருந்து அனுப்புவதும் அதில் அடக்கம். 2025-இல் நீலத்திரையின் நிறத்தையும் கறுப்பாக்கிவிட்டார்கள், அதனால் யாருக்கு என்ன லாபமோ.

வீட்டிலும் கடையிலும் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த கணினிகளின் வட்டு பெரும்பாலும் உங்களைக் கேட்காமலே பூட்டப்பட்டிருக்கும். எந்த டிரைவர் விழுந்து, எந்தக் காரணத்துக்காக மீட்புத் திரை வந்தாலும், முதலில் கேட்பது அந்த 48 இலக்கத்தை. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பக்கத்தில் பிட்லாக்கர் மீட்புச் சாவி என்று இருப்பதை இன்றைக்கே பாருங்கள். அதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைக்காதீர்கள்.